பட்டகத்துக்கு எத்தனை முகம்?

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனால் எனக்குப் பெரியம்மா வீடுதான் சத்திரம். இந்தத் தடவை நான் உள்ளே நுழைந்தபோது, கூடத்தில் பரமபதப் படம் விரித்தபடி கிடந்தது. பித்தளைத் தாயக்கட்டைகள் ஒரு ஓரமாக உருண்டிருந்தன. ஆட்டத்தைக் காணோம். எட்டாவது படிக்கும் பேத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பன்முகியிலே மார்க் போச்சு, அத்தை!"

"பன்முகியா? யாரடி அவள்?" என்றாள் பெரியம்மா, அடுப்படியிலிருந்து.

பெரியம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. சந்திரமுகி என்றால் நிலவு முகத்தாள். அப்படியானால் பன்முகி என்பவள் பல முகம் கொண்டவள்தானே! நான்கு தட்டை முகங்களால் அடைபட்ட உருவம் நான்முகி. எட்டு என்றால் எண்முகி. இதற்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரில் 'ஹெட்ரா' என்று ஒரு சொல் வருகிறது. அதற்கு ஆசனம் என்று அர்த்தம். அவர்கள் உட்கார இடம் பார்த்திருக்கிறார்கள். நாம் முகம் பார்த்திருக்கிறோம்.

பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்தேன். 'சதுரப் பட்டகத்துக்கு முகங்கள் எத்தனை?' என்பது கேள்வி. குழந்தை '4' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மசியில் பெருக்கல் குறி.

"தாத்தாதான் சொல்லிக் கொடுத்தார். தாயக்கட்டைதான் பட்டகம், அதற்கு நாலு பட்டை என்று."

ஊஞ்சலில் இருந்த பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர் அவர். அரக்கு வைத்த குச்சி நுனியில் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் பிடித்து, கடுகத்தனை கல்லிலே கணக்குத் தப்பாமல் பட்டை போடுவார். இயந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கற்கள் மலிவாக வந்து இறங்கின, சக்கரம் நின்றது. கண்ணும் மங்கிவிட்டது. மிச்சமிருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். அதற்கும் சிவப்பு மசி!

எனக்கு மனசு கேட்கவில்லை. "பெரியப்பா சொன்னதில் தப்பு எங்கே? பட்டகம் என்ற பெயருக்குள்ளேயே பட்டை இருக்கிறதே!" என்று வக்காலத்துக்குக் கிளம்பினேன்.

"இரு, இரு" என்றார் பெரியப்பா. "கல்லானால் மேல் தளமும் பட்டைதான். வட்ட வைரத்துக்கு 57 பட்டை என்கிறோமே, அதில் தலையும் சேர்ந்தது. தூண், கட்டை எல்லாம் வேறே. எட்டுப் பட்டைத் தூண் என்றால் சுற்றிவர எட்டு. மேலும் கீழும் யார் எண்ணுகிறார்கள்?"

சட்டென்று மலைக்கோட்டை நினைவுக்கு வந்தது. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த மேல் குகையின் தூண்களில், மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை. அந்த நடுப் பகுதிக்குக் 'கட்டு' என்று பெயர். அதை மட்டும் தனியாக அறுத்து எடுத்தால் பட்டை எட்டு, முகமோ பத்து! அறுத்த இரண்டு பக்கமும் சேர்ந்துவிடுமே.

தாயக்கட்டையிலும் இதே கதைதான். விழுகிற பட்டை நாலு. நுனி இரண்டும் ஒரு நாளும் விழுவதில்லை. ஆனால் அவையும் முகங்கள்தாம். ஆக, ஆறு.

"தாத்தா சொன்னது பட்டை. கேள்வியிலே கேட்டது முகம்" என்றேன். குழந்தைக்கு அரைச் சமாதானம்தான். "ஆறு என்று எப்படி நிச்சயம்?" என்றாள்.

அதற்கு ஆய்லர் என்ற கணித மேதை வழி வைத்திருக்கிறார். 1750-இல் நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதினார்: மூலைகளையும் முகங்களையும் கூட்டி, விளிம்புகளைக் கழித்தால் 2 வர வேண்டும். உள்ளே ஓட்டையோ குடைவோ இல்லாத பன்முகி எதற்கும் இது பொருந்தும். தாயக்கட்டையை அவள் கையில் கொடுத்தேன். மூலை 8, விளிம்பு 12. முகம் 4 என்றால் மிச்சம் பூஜ்யம். 6 என்றால் 2!

முகம் மலர்ந்தது. (ஒரு முகிக்கு அது போதும்.)

பெரியப்பா ஊஞ்சலை விட்டு இறங்கி வந்தார். அவள் பெட்டியிலிருந்து புதுப் பென்சில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். "ஆறு பட்டை. முகம்?"

"எட்டு, தாத்தா!"

"சரி. இதைப் பேனாக்கத்தியாலே பட்டைக்கு ஒரு சரிவாக ஆறு சரிவு சீவி, ஒரே கூரிலே முடித்தால்?"

குழந்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். முகமும் 13, மூலையும் 13 என்று எனக்கு வந்தது. விளிம்பை எண்ணுவதற்குள் பெரியம்மா, "பலகாரம் ஆறுகிறது. கட்டையை யாராவது உருட்டப் போகிறீர்களா இல்லையா?" என்று குரல் கொடுத்துவிட்டாள்.