8 பந்தில் 29 ரன். 19 பந்தில் 17 ரன்: ஸ்டிரைக் ரேட் கணக்கு போடுவது எப்படி?

சென்னை:

கிரிக்கெட்டில் முன்பெல்லாம் "எத்தனை ரன் அடிச்சான்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "எத்தனை பந்துல அடிச்சான்?" என்பதுதான் முதல் கேள்வி. டீக்கடை டி.வி. முன்பு நிற்பவர்கூட "ஸ்டிரைக் ரேட் பத்தாதுப்பா" என்று ஆளை எடை போட்டு விடுகிறார்.

ஐ.பி.எல். போட்டியில் இதற்கு காரே பரிசு. 2025-ம் ஆண்டு தொடரில் ராஜஸ்தான் அணியின் 14 வயது வீரர் வைபவ் சூர்யவன்ஷி 7 ஆட்டத்தில் 252 ரன் குவித்து, 206.55 ஸ்டிரைக் ரேட்டுடன் அந்த காரை தட்டிச்சென்றார். அதை ஓட்டத்தான் அவருக்கு வயசு வரவில்லை!

ஒரு வீரரின் பெயரை தூக்குவதும், கெடுப்பதும் இந்த எண்தான். ஆனால் இதை சரியாக படிக்க தெரிய வேண்டும்.

கணக்கு இதுதான்

அடித்த ரன்னை 100-ஆல் பெருக்கி, சந்தித்த பந்தால் வகுத்தால் ஸ்டிரைக் ரேட். அதாவது இதே வேகத்தில் 100 பந்து ஆடினால் எத்தனை ரன் வரும் என்பது. ஒருவர் 20 பந்தில் 30 ரன் அடித்தால், 3000-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். விடை 150.

வைடு பந்து பேட்ஸ்மேன் கணக்கில் சேராது. நோ-பால் சேரும். 'பை', 'லெக் பை' வந்தால் பந்து சேரும், ரன் சேராது. பவுலர்களுக்கும் ஸ்டிரைக் ரேட் உண்டு. அது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்ற கணக்கு. அங்கே எண் குறைந்தால்தான் கெட்டிக்காரர்.

ஒருவர் ஹீரோ, ஒருவருக்கு திட்டு

2018-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி கொழும்பில் நடந்த முத்தரப்பு டி20 இறுதிப்போட்டியில் இந்தியாவுக்கு வங்காளதேசம் 167 ரன் இலக்கு வைத்தது. முஸ்தபிஜுர் ரகுமான் வீசிய 18-வது ஓவரில் வந்தது ஒரே ஒரு ரன். அதுவும் லெக் பை. கடைசி 12 பந்தில் 34 ரன் தேவை.

அப்போது களம் இறங்கிய தமிழக வீரர் தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29 ரன் விளாசி, கடைசி பந்தில் சிக்சர் அடித்து கோப்பையை வாங்கி கொடுத்தார். ஸ்டிரைக் ரேட் 362.50. மறுமுனையில் ஆடிய இன்னொரு தமிழக வீரர் விஜய் சங்கர் 19 பந்தில் 17 ரன். ஸ்டிரைக் ரேட் 89.47. அணி ஜெயித்தும் அவரை ரசிகர்கள் விடவில்லை. "பந்தை தின்னுட்டான்" என்று வறுத்தெடுத்தனர்.

2007 உலக கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக யுவராஜ்சிங் 6 சிக்சர் பறக்கவிட்டாரே, அன்று அவர் அடித்தது 16 பந்தில் 58. ஸ்டிரைக் ரேட்? அதே 362.50. ரன்னும் பந்தும் இரண்டு மடங்கு, ஆனால் எண் ஒன்றுதான். முதல் பந்தில் சிக்சர், அடுத்த பந்தில் அவுட் ஆனவருக்குகூட 300 வந்துவிடும். எனவே பந்து எத்தனை என்று பார்க்காமல் ஸ்டிரைக் ரேட்டை மட்டும் பேசுவது வீண்.

192 தோற்றது

2024-ம் ஆண்டு டி20 உலக கோப்பை இறுதிப்போட்டியில் இந்தியா 34 ரன்னுக்குள் 3 விக்கெட்டை இழந்து தவித்தது. விராட் கோலி நின்று ஆடி 59 பந்தில் 76 ரன் எடுத்தார். ஸ்டிரைக் ரேட் 128.81. "ரொம்ப மெதுவு" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. தென்ஆப்பிரிக்காவின் கிளாசன் 27 பந்தில் 52 ரன் வெளுத்தார். அது 192.59. ஆனால் 4 ஓவரில் 26 ரன் எடுத்தால் போதும் என்ற நேரத்தில் அவர் அவுட். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆட்டநாயகன் கோலி.

அதற்காக கட்டை போடுவதெல்லாம் நியாயம் ஆகிவிடாது. 1975 உலக கோப்பையில் 60 ஓவரில் 335 ரன் எடுக்க வேண்டிய ஆட்டத்தில் கவாஸ்கர் கடைசிவரை நின்று 174 பந்தில் எடுத்தது 36 ரன். ஸ்டிரைக் ரேட் 21-கூட இல்லை. இந்தியா 202 ரன்னில் தோற்றது.

எதோடு ஒப்பிடுவது?

அணிக்கு தேவைப்பட்ட வேகத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கும் இதே கணக்குதான். கார்த்திக் வந்தபோது 12 பந்தில் 34, அதாவது 283 வேகம் தேவை. அவர் 362-ல் ஆடினார். கவாஸ்கர் ஆட்டத்தில் தேவை 93. அவர் ஆடியது 20 சொச்சம். கையில் எத்தனை விக்கெட் மிச்சம் என்பதையும் சேர்த்து பார்த்தால்தான் தீர்ப்பு சரியாக இருக்கும்.

கொழும்பில் அத்தனை திட்டு வாங்கிய விஜய் சங்கர், அடுத்த ஆண்டே 2019 உலக கோப்பை அணிக்கு தேர்வானார். பாகிஸ்தானுக்கு எதிராக தான் வீசிய முதல் பந்திலேயே விக்கெட்டும் எடுத்தார். ஒரு ராத்திரி ஸ்டிரைக் ரேட்டை வைத்து ஒரு ஆளையே முடித்துவிட முடியாது.