நம் ஆற்றின் வழியே நானிலம்

எவரெஸ்டு சிகரத்தின் உயரம் என்ன என்று கேட்டால், 8,848 மீட்டர் என நம் மாணவர் பலர் தயங்காது விடை கூறுவர். கங்கை எக்கடலில் கலக்கிறது என்பதையும் அறிவர். ஆயின் சிலாங்கூர் ஆறு எங்கே பிறக்கிறது என்றால் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. பெரிய நாடுகளின் மலைகளும் ஆறுகளும் கற்கத் தக்கவையே. எனினும் நிலநூற் கல்வி நம் காலடியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் முன்னோர் அவ்வாறே தொடங்கினர். தொல்காப்பியம் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என வகுத்தது. இந்நானிலத்தையும் காணக் கப்பலேற வேண்டியதில்லை. ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளமுள்ள நம் ஆற்றின் வழியே சென்றால் போதும்.

பிரேசர் மலையை அடுத்த தித்திவங்சா மலைச்சரிவு குறிஞ்சி. அதன் கீழே கோலகுபு பாருவைச் சூழ்ந்த காடு முல்லை. 'பாரு' என்றால் புதியது. பழைய ஊர் என்னவாயிற்று? 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து ஊரையே வெள்ளம் வாரிச் சென்றது. பின்னர் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றின் அடியை உயர்த்த, வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. ஆகவே மேட்டு நிலத்தில் புதிய ஊர் எழுந்தது. மலையில் மண்ணைக் கிளறினால் ஆறு மறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருதத்திற்குத் தஞ்சோங் காராங் வயல்கள் உள்ளன. அங்குப் பாய்வது நம் ஆற்று நீர் அன்று. வடக்கே பெர்னாம் ஆற்றிலிருந்து கால்வாய் வழியே வருவது. பாசிர் பெனாம்பாங்கின் மீன்பிடி படகுகளும் கடலோரச் சதுப்புக் காடும் நெய்தல். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதைக் காண அயல்நாட்டார் வருகின்றனர். அவற்றின் புழுக்கள் ஈரக் கரையில் நத்தைகளைத் தின்று வளர்பவை. கரையின் விளிம்புவரை வெட்டித் துப்புரவாக்கினால் புழுவும் இல்லை, ஒளியும் இல்லை.

பாலை மட்டும் இங்கில்லை எனலாமா? குறிஞ்சியும் முல்லையும் திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதியைத் தருவது நம் ஆறு. 2014ஆம் ஆண்டு வறட்சியில் சிலாங்கூர் அணையின் நீர்மட்டம் தாழ்ந்து, அங்கு நீர்ப்பங்கீடு செய்ய நேர்ந்தது.

"ஐயா, நம் தோட்டம் எந்த நிலம்?" என ஒரு மாணவி வினவினாள். நல்ல வினா! காட்டை அழித்து, கான் வெட்டி, கடல்நீரைக் கரையெழுப்பித் தடுத்து, முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் நட்டு நம் பாட்டன்மார் ஆக்கிய நிலம் இது. எந்தப் புலவரும் இதற்குப் பெயரிடவில்லை.

இந்நிலத்தின் அறிவு நூலில் இல்லை. பெற்றோரே, உங்களிடம் உள்ளது. கடல் ஏறும் நாளில் எந்தக் கானில் நீர் வடியாது, எந்தக் காட்டில் களிமண் காலைப் பிடிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். "நான் படிக்காதவன், எனக்கு என்ன தெரியும்?" என ஒதுங்க வேண்டா. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவருகின்றன. நீங்கள் சொல்லாவிடில் சொல்ல வேறு யாரும் இரார்.

தொடக்கப்பள்ளியில் புவியியல் தனிப்பாடம் அன்று என்பது உண்மையே. ஆயினும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. நேரமில்லை என்ற பழைய சமாதானம் இனி ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பொருந்தாது. விடுமுறையில் கோலகுபு பாரு, தஞ்சோங் காராங், கடற்கரை என எங்குச் சென்றாலும் பிள்ளைகள் ஒரு பிடி மண் கொண்டுவருக. எடுத்த இடத்தையும் நாளையும் தாளில் எழுதிப் புட்டியில் ஒட்டுக. நம் தோட்டத்து மண்ணும் அவ்வரிசையில் இருக்கட்டும். அதற்கு ஒரு பெயரை ஆறாம் ஆண்டு மாணவர்கள் எண்ணி வைக்கட்டும்.