பேரனின் கம்ப்யூட்டரில் நம்ம மலை

பெங்களூரில் இருக்கும் என் பேரன் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்று ஒரு விளையாட்டு ஆடுகிறான். திட்டம் போட்டு ஊரை நிர்மாணிக்கும் ஆட்டம். நிலப்பரப்பையும் நாமே செய்து கொடுக்கலாமாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நம்ம மலையைச் செய்து படம் அனுப்பினான். மலை முழுக்கப் படிக்கட்டு!

உயரத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் கொடுக்க வேண்டும். வெளுப்பு கூடினால் உயரம். இவன் 8 பிட் படமாகச் சேமித்திருக்கிறான். அதில் 256 சாயல்தான், ஒவ்வொரு சாயலும் 4 மீட்டர் படியாகிவிடுகிறது. 16 பிட்டில் 65,536 சாயல். மாற்றியதும் சரிவு வழவழவென்று வந்துவிட்டது.

அடுத்ததுதான் வம்பு. அந்த விளையாட்டில் தரை 1,024 மீட்டருக்கு மேல் போகாது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் 326 மீட்டர், குன்னூர் ஸ்டேஷன் 1,712. எங்கே அடங்கும்? ரோடு போடப் போனாலும் 'சரிவு அதிகம்' என்று மறுக்கிறதாம். பையன் எல்லா உயரத்தையும் பாதியாக்கிவிட்டான்.

அது தப்பு என்றேன். தோட்டத்தில் முப்பது வருஷம் சரிவு பார்த்து வாய்க்கால் வெட்ட வைத்தவன் நான். கல்லாறுக்கு மேலே 12 அடிக்கு ஓரடி ஏற்றம் இருப்பதால்தான் 1899-ல் குன்னூருக்கு வந்த ரயிலுக்குப் பல்சக்கரம். பாதியாக்கினால் 24-க்கு ஒன்று. ஏறத்தாழ அந்த ஏற்றத்தில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பல் இல்லாமலேதானே ரயில் போகிறது! ரோட்டுக்கும் மலையை அமுக்க வேண்டாம், வளைத்துப் போடு. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி சும்மாவா வைத்தார்கள்?

என் யோசனை: குன்னூரிலிருந்து தொட்டபெட்டா வரை மட்டும் எடு. எல்லா உயரத்திலும் 1,650-ஐக் கழி. 2,637 மீட்டர் தொட்டபெட்டா 987 ஆகிவிடும், அடங்கும். செய்து பார்த்தான். குன்னூருக்குக் கிழக்கே கடல்! 1,650-க்குக் கீழே உள்ளதெல்லாம் பூஜ்யம், கடல் மட்டமோ 40-ல் நிற்கிறது. அதையும் பூஜ்யத்துக்கு இறக்கச் சொன்னேன். தண்ணீர் வடிந்தது.

"ஆனா தாத்தா, பல்சக்கர ரயிலே இதுல இல்லையே" என்றான்.

நியாயம்தான். இருந்தாலும் மலையைக் குள்ளமாக்கிவிட்டு நீலகிரி என்று பேர் வைப்பதற்கு, அந்தத் துண்டை விட்டுவிடுவதே மேல் என்பேன். அவன் அரைமனதாக ஒப்புக்கொண்டான். நேற்று ராத்திரி கேத்தி வரை தண்டவாளம் போட்டாகிவிட்டது. லவ்டேல் பக்கம் எப்படித் திருப்புவது என்று காலையிலேயே போன்.