எதற்கெடுத்தாலும் பத்து சதவீதமா?

வீடு கட்டுகிறவருக்குக் கடைக்குக் கடை இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு: "கணக்குக்கு மேல பத்து பர்சென்ட் சேர்த்து வாங்கிடுங்க." டைல்ஸ் கடையிலும் இதுதான், கம்பிக் கடையிலும் இதுதான், சிமென்ட் கடையிலும் இதுதான். கட்டுமானச் செலவில் பாதிக்கு மேல் பொருளுக்கே போகிறது. அப்படிப்பட்ட செலவை ஒரே ஒரு எண்ணை நம்பி விட்டுவிடுகிறோம். எந்தப் பொருள், ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்காமலிருக்கத்தான் இந்தப் பத்து சதவீதம் பயன்படுகிறது. பொருளுக்குப் பொருள் சேதாரத்தின் காரணம் வேறு. காரணம் வேறென்றால் அளவும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

டைல்ஸில் இதைச் சுலபமாகச் சோதித்துப் பார்க்கலாம். அறை 11 அடிக்கு 13 அடி. பதிக்கப்போவது 'ரெண்டுக்கு ரெண்டு' என்று சொல்லப்படும் 600 மி.மீ. டைல்ஸ். பரப்பை வகுத்தால் 37 டைல்ஸ் வரும், பத்து சதவீதம் சேர்த்தால் 41. இப்போது தரையில் வரிசை பிடித்துப் பாருங்கள். 11 அடி என்பது 3,353 மி.மீ. அதில் ஐந்து முழு டைல்ஸ் போக, 353 மி.மீ. மிச்சம். அந்த இடத்துக்கு ஒரு டைலை வெட்டினால் மீதியாவது 247 மி.மீ.தான், அது அடுத்த வரிசைக்குப் போதாது. 13 அடிப் பக்கத்திலும் இதே கதை: ஆறு முழு டைல்ஸ், பிறகு 362 மி.மீ. ஆக, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஏழு, மொத்தம் 42. ஒன்றுகூட உடையாமலே 41 போதவில்லை. அதே டைல்ஸை 10 அடிக்கு 12 அடி அறையில் போடுங்கள். பரப்புக் கணக்கு 31, பத்து சதவீதம் சேர்த்து 35. ஆனால் அங்கே முழு டைல்ஸ் 30 போக, ஓரத்தில் நிற்பது ஐந்தாறு சென்டிமீட்டர் பட்டைதான். ஒரே டைலில் பல பட்டைகள் கிடைப்பதால் 32 போதும். ஒரு வீட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அறைகள், ஒன்றில் பற்றாக்குறை, ஒன்றில் மிச்சம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெரிய அறையில் வெட்டி மீந்த துண்டுகளை எறிந்துவிட வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் பட்டை இரண்டு எடுக்கலாம். பன்னிரண்டு துண்டுகளில் 24 பட்டைகள், 14.4 மீட்டர் நீளம். கதவு போக அந்த அறைக்குத் தேவையான ஸ்கர்ட்டிங் ஏறக்குறைய 13.7 மீட்டர். தரையும் ஸ்கர்ட்டிங்கும் சேர்ந்தே அந்த 42-க்குள் முடிந்துவிடும். ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாகப் பரப்புக் கணக்குப் போட்டு, அதன் மேலும் பத்து சதவீதம் ஏற்றினால் எண்ணிக்கை 45-க்குப் போய்விடும்.

கம்பியில் சேதாரம் நீளத்தால் வருகிறது. சந்தையில் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. நாலு மீட்டர் துண்டுகள் வேண்டுமென்றால் மூன்று வெட்டலாம், மிச்சமே இல்லை. நாலரை மீட்டர் வேண்டுமென்றால் இரண்டுதான், கால் பங்கு மீந்து நிற்கும். அந்த மூன்று மீட்டரை வேறு எங்கே பொருத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால் சேதாரம் இல்லாமலே போகும், எழுதாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எடைக் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 10 மி.மீ. வரையிலான கம்பியின் எடை, குறித்த அளவிலிருந்து 7 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786 அனுமதிக்கிறது. 8 மி.மீ. கம்பி ஒரு டன்னில் கணக்குப்படி 211 இருக்க வேண்டும். எடை கூடுதலான சரக்காக வந்தால் 197-தான் இருக்கும். டன் கணக்கில் வாங்கிவிட்டு, வேலையின் நடுவே கம்பி எங்கே போயிற்று என்று வாட்ச்மேனைச் சந்தேகிக்கும் முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மணல் இன்னும் விசித்திரமானது. ஈரப்பதம் ஐந்தாறு சதவீதம் இருந்தால், மணிகளைச் சுற்றி நீர் படிந்து அவற்றை விலக்கிவிடுவதால் மணல் 20 முதல் 30 சதவீதம்வரை உப்பிக்கொள்ளும். 25 சதவீதம் உப்பிய ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணலில், உண்மையான மணல் 80 கன அடிதான். நேரான கண்ணாடிக் குவளையில் அந்த மணலை நிரப்பி, நீரூற்றிக் கிளறிப் படியவிட்டால் எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நஷ்டம் மணலோடு நிற்பதில்லை. கலவைக்குச் சட்டிக் கணக்கில் ஈர மணலை அள்ளும்போது மணல் குறைவாக விழுகிறது, கலவையும் குறைவாகவே தேறுகிறது. கடைசியில் சிமென்ட் போதவில்லை என்று மூட்டைக்கு ஆள் ஓடுகிறது. மணலில் நடந்த தவறைச் சிமென்டில் பத்து சதவீதம் சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்கிறோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று: பொருள் மீந்தால் கொஞ்சம் பணம் போகும், குறைந்தால் வேலையே நின்றுவிடும். தளம் போடும் நாளுக்கு இது முழுக்கப் பொருந்தும். 1,000 சதுர அடித் தளத்தை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் 417 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் ஏறக்குறைய 95 மூட்டை சிமென்ட், 175 கன அடி மணல், 350 கன அடி ஜல்லி. சென்டரிங் பலகை தொய்ந்தோ மட்டம் பிசகியோ கனம் அரை அங்குலம் கூடினால் ஒன்பது, பத்து மூட்டை கூடுதலாகப் பிடிக்கும். பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் அந்த இணைப்பில் ஒழுகும். ஆகவே அன்றைக்குப் பத்து மூட்டை கூடுதலாக இறக்குவது நியாயம். காரணம் தெரிந்து சேர்த்த கூடுதல் அது, மீந்தாலும் பூச்சு வேலைக்கு ஆகும். ஆனால் அதே துணிச்சலில் மொத்த வீட்டுக்கும் சிமென்டை முன்பே இறக்கி அடுக்குவது வேறு விஷயம். மூன்று மாதம் தாண்டிய சிமென்டின் வலு குறையும், சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

அனுபவமுள்ள கொத்தனார் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாரே, எழுத்துக் கணக்கு எதற்கு என்பார்கள். வெட்டிய துண்டில் ஸ்கர்ட்டிங் எடுக்கத் தெரிந்தவர் கொத்தனார்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலும் அவரைக் கேட்டுவிட்டு நாம் கடைக்குப் போவதில்லை. சதுர அடியைச் சொல்கிறோம், கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டுகிறார், பெட்டிகள் வந்து இறங்கிய பிறகே கொத்தனார் வருகிறார். அவருடைய அறிவு வாங்கும் நேரத்தில் பயன்பட வேண்டுமானால், அறையின் படத்தில் டைல்ஸைக் கட்டம் கட்டி அவரிடம் காட்ட வேண்டும். அரை மணி நேர வேலை.

எழுத்துக் கணக்கு நமக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி பொறியாளரின் எஸ்டிமேட்டைக் கேட்கிறது. நாமும் கொடுக்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் கடன் தொகைக்கேற்ப எழுதப்படும் ரூபாய்க் கணக்கு. எத்தனை கம்பி, என்ன நீளம், எந்த அறைக்கு எத்தனை டைல்ஸ் என்பது அதில் இருக்காது. 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று போடும் ஒப்பந்தத்திலும் இருக்காது. பிளான் வரைந்து தரும் பொறியாளரிடம் அளவுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே கூடுதல் எவ்வளவு, எதற்காக என்று எழுதியிருக்க வேண்டும். டைல்ஸுக்கு எதிரே 'பின்னால் உடைந்தால் மாற்ற நான்கு' என்றிருக்கலாம், ஏனென்றால் அதே பேட்ச், அதே ஷேடு பிறகு கிடைக்காது. பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் வாயால் சொல்வதையும், பணம் கட்டும் முன் பில்லில் எழுதி வாங்கிவிட வேண்டும்.