மனோராவைக் கட்டியது யார்?

காரைக்கால் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் தரங்கம்பாடி, தஞ்சாவூர்... கொஞ்சம் தெற்கே போனால் மல்லிப்பட்டினம் அருகே மனோரா. எங்கே போனாலும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "யார் சார் கட்டினது?" பதிலும் ஒன்றுதான். ராஜா கட்டினார், இல்லை வெள்ளைக்காரன் கட்டினான். இதெல்லாம் ஒரு பதிலா?

மனோராவையே பாருங்கள். 1814-ல் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட, ஆங்கிலேயரின் நண்பரான தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம் அது. அப்போது காரைக்காலும் ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு 1817-ல்தான் திரும்பக் கிடைத்தது. மனோரா கல்வெட்டில் மன்னர் இருக்கிறார். இந்தக் கரையை எட்டிக்கூடப் பார்க்காத நெப்போலியனும் இருக்கிறார். செங்கல் அடுக்கிய கொத்தனாரைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

"வரைபடம் போட்டவருக்குத்தானே பெருமை?" என்பார்கள். சரி, சென்னைக்குப் போவோம். எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயம் 1821-ல் முடிந்தது. வடிவமைத்தவர் பொறியாளர் தாமஸ் டி ஹேவிலண்ட். அவர் திறமைசாலி, மறுக்க வேண்டாம். ஆனால் ஈரம் ஊறிய அந்த மண்ணில் கட்டடத்தைத் தாங்குவது, வரிசையாகக் கிணறு இறக்கிப் போட்ட அடித்தளம். அது லண்டனிலிருந்து கப்பலில் வந்த வித்தை அல்ல. யமுனைக் கரையில் தாஜ்மகாலே கிணற்று அடித்தளத்தில்தான் நிற்கிறது. உள்ளே தூண்களுக்குப் பளிங்கு போலப் பளபளப்பு தந்தது சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துப் பூசிய உள்ளூர்க் கைகள். பொறியாளர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, கிணறு இறக்கியவர் பெயர் எங்கே?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கொத்தனாரை வெறும் கூலியாள் என்று ஒதுக்கியதால், அவர் கைக்குள் இருந்த அறிவையும் யாரும் எழுதி வைக்கவில்லை. விளைவு? பழைய சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டை அப்புகிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பூத்து, செங்கல் பொரிந்து உதிர்கிறது. கடலோர ஊர்களில் இதைக் காணாத தெரு உண்டா? பழுது பார்க்கிறோம் என்ற பெயரிலேயே கட்டடம் சாகிறது!

பாரம்பரியம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் முதலில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஒரு வயதான கொத்தனாரைத் தேடிப் போகட்டும். அவருக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ளட்டும். மேலே அவர் பெயரையும் எழுதட்டும்.