அனல் கூடினால் டேம்பரை மூடலாமா?

பெல்லட் அடுப்பு அளவுக்கு மீறிக் காய்கிறது என்று குளிர்நாட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “காற்று அதிகம் போகிறது, டேம்பரைக் கொஞ்சம் மூடு” என்ற பதில் தயாராக வரும். டேம்பர் என்பது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு. விறகு அடுப்பில் பழகியவர்களின் பதில் அது. விறகு அடுப்புக்கு அது சரியும்கூட. நாலு கட்டையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் எரிய வேண்டியது மொத்தமும் உள்ளேதான் கிடக்கிறது. தீயை அடக்க நம் கையில் மிஞ்சியிருப்பது காற்று ஒன்றுதான்.

பெல்லட் அடுப்பின் அமைப்பு வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், போயிங்கில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களில் இதை வீடுகளுக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இதன் அடிப்படை, எரிபொருளை அளந்து போடுவது. அழுத்திச் செய்த மரத்தூள் குச்சிகள் ஹாப்பர் என்ற தொட்டியிலிருந்து ஆகர் என்ற திருகு வழியாகத் தீக்கிண்ணத்தில் சிறுகச் சிறுக விழும். ஆகர் மோட்டார் சில விநாடி ஓடும், சில விநாடி நிற்கும். ஒரு கிலோ பெல்லட்டில் சுமார் 4.8 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. மணிக்கு ஒரு கிலோ விழுந்தால் அவ்வளவு. இரண்டு கிலோ விழுந்தால் இரு மடங்கு. வெப்பத்தின் அளவைத் தீர்மானிப்பது இந்த எடைதான். அது சுத்தமாக எரிகிறதா, புகைந்து எரிகிறதா என்பதைத்தான் காற்று தீர்மானிக்கிறது.

இன்னும் சொல்லப்போனால், டேம்பரை மூடுவது முதலில் எதிர்மாறான பலனைத் தரும். இந்த அடுப்புகள் எரிப்புக்குத் தேவையானதைவிடத் தாராளமாகவே காற்றை இழுக்கின்றன. அந்த உபரிக் காற்று தீயின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. உபரியைக் குறைத்தால் தழலின் சூடு ஏறும், குழாயில் வீணாவது குறையும், அறை இன்னும் காயும். மேலும் மூடினால்தான் வெப்பம் இறங்கும். ஆனால் அதற்குள் தீ ஆரஞ்சு நிறமாகி நீண்டு சோம்பலாக ஆடத் தொடங்கிவிடும். கண்ணாடி கறுக்கும், கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவியும், குழாயில் கரி படியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020 மே மாதத்திலிருந்து புது அடுப்புகளுக்கு மணிக்கு 2 கிராம் நுண்துகள் என்று வரம்பு விதித்திருக்கிறது. டேம்பரை இறுக்கிய அடுப்பு, அந்த வரம்புக்குச் சோதித்துச் சான்றிதழ் பெற்ற அடுப்பே அல்ல.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, எவ்வளவு விழுகிறது என்பதை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வட அமெரிக்காவில் ஒரு மூட்டை 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. ஒரே அமைப்பில் வைத்து ஒரு மூட்டை எத்தனை மணி நேரத்தில் தீர்கிறது என்று பார்த்து, கையேட்டில் அந்த அமைப்புக்குச் சொன்ன அளவோடு ஒப்பிட்டால் போதும். கூடுதலாக விழுந்தால் கட்டுப்பாட்டுப் பலகையில் ஊட்ட அளவு ஏற்றி வைக்கப்பட்டிருக்கலாம்; ஆகர் இடைவெளியே இல்லாமல் ஓடினால் பலகையிலேயே பழுது இருக்கலாம். ஒரு பழுதும் இல்லாமலும் கூடலாம். ஆகர் எடை பார்ப்பதில்லை, கொள்ளளவைத்தான் தள்ளுகிறது. ஐரோப்பாவின் ஈஎன்பிளஸ் தரத்திலேயே பெல்லட்டின் நீளம் 3.15 மில்லிமீட்டரிலிருந்து 40 வரை இருக்கலாம். குட்டைக் குச்சிகள் நெருக்கமாக அடையும். திருகின் ஒரு சுற்றுக்கு அதிக எடை போகும். மூட்டையின் பிராண்டை மாற்றிய வாரத்தில் அடுப்பு காய்ந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பழைய மூட்டை ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

“அறை விசிறியைக் குறைத்து வை, சூடு குறையும்” என்பது அடுத்த யோசனை. அறை காய்வதும் அடுப்பின் உடல் காய்வதும் இரண்டு வேறு புகார்கள் என்பதை இது மறந்துவிடுகிறது. தீயின் சூட்டை வெப்பக் குழாய்களிலிருந்து வாங்கி அறைக்குள் ஊதுவதுதான் அந்த விசிறியின் வேலை. அதைத் தணித்தால் சூடு இரும்பிலேயே தங்கும். தகடு தொட முடியாமல் காய்கிற பல அடுப்புகளில், விசிறி இறகுகளில் ஒட்டியிருக்கும் தூசியும் நாய் முடியும்தான் காரணம்.

அப்படிக் காயும்போது ஹை லிமிட் ஸ்விட்ச் ஆகரை நிறுத்திவிடும். உடனே, “ஸ்விட்ச் கெட்டுவிட்டது, ஒயரை நேராக இணைத்துவிடு” என்பார்கள். இந்த யோசனையிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஸ்விட்ச் பழசாகிச் சீக்கிரமே விழுவது உண்டுதான். அப்படியானால் சிறு தொகையில் புதிதாக மாற்றலாம். அதைத் தாண்டி ஒயரை இணைப்பது, ஹாப்பருக்குள் தீ ஏறாமல் காக்கிற ஏற்பாடுகளில் ஒன்றைக் கழற்றி எறிவது.

பிளக்கைப் பிடுங்குவதும் தப்பு. ஆகரோடு புகையை வெளியேற்றும் விசிறியும் நின்றுபோகும். கிண்ணத்தில் எஞ்சியது புகைந்து வீட்டுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரலாம். அணைக்கும் பட்டனை அழுத்தினால் ஊட்டம் மட்டும் நின்று, விசிறிகள் ஓடிக்கொண்டிருக்க, மிச்சம் எரிந்து அடங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் அறை கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். வாசற்கதவுக் குளிரில் அதை மாட்டியிருந்தால் அது ஓயாமல் வெப்பம் கேட்கும். பல அடுப்புகளில், வேண்டிய சூடு வந்ததும் அணைந்துவிடாமல் சிறு தீக்கு மட்டும் இறங்கும் அமைப்பும் உண்டு. மிதமான குளிர் நாளில் அந்தச் சிறு தீயே அறைக்கு அதிகம். முழுதாக அணைந்து மீண்டும் பற்றவைத்துக்கொள்ளும் அமைப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். அதிலும் தீராவிட்டால் அடுப்பு அந்த வீட்டுக்குப் பெரிது. நன்றாகக் காப்பிட்ட சின்ன வீட்டில் 12 கிலோவாட் அடுப்பை விற்றவருக்குத்தான் அந்தக் கேள்வி போக வேண்டும்.