கீறல் விழுந்த குறுந்தகடு

கீறல் விழுந்த குறுந்தகட்டிற்குப் பற்பசை போதும் என்பார் ஒருவர். தேங்காய் எண்ணெய் என்பார் மற்றொருவர். அக்காவின் திருமணமும் மறைந்த தாத்தாவின் குரலும் இத்தகடுகளில்தான் உறங்குகின்றன. எனவே இதை வெறும் வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்க இயலாது.

பற்பசையைப் பழிப்பவர் கட்சியில் நான் இல்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த இத்தகடு 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக். லேசர் ஒளி அடியிலிருந்து அதனை ஊடுருவி, மேற்புறத்து உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. கீறல் அவ்வொளியைச் சிதறடிக்கிறது. பற்பசையின் நுண்துகள்கள் கீறலின் விளிம்பை மழுக்கி ஒளிக்கு வழிவிடுகின்றன. எண்ணெயோ பள்ளத்தைச் சற்று நேரம் நிரப்பும். பிறகு தூசியைச் சேர்க்கும். இவற்றுக்கெல்லாம் முன்னே சோப்புத் தண்ணீரால் கழுவிப் பாருங்கள். பல நேரங்களில் குற்றவாளி நம் கைரேகைதான்!

தேய்ப்பதை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் தேய்க்க வேண்டும். குறுக்குக் கீறலைக் கருவியே சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை ஈடுகட்டிவிடும். வட்டமாகத் தேய்த்தாலோ பதிவுத் தடத்தின் போக்கிலேயே புதுக் கீறல் விழும்.

பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைக்கும் நாம், பெயரெழுதும் பக்கத்தில் பேனாவை அழுத்துகிறோமே, இது என்ன நியாயம்? அங்கே உலோகப் பூச்சுக்கு மெல்லிய அரக்குதான் காவல். அது பெயர்ந்தால் எந்தப் பசையும் உதவாது.

நண்பர்களே, தேய்த்த தகடு ஒருமுறை ஓடினாலும் உடனே கணினியில் நகலெடுத்துவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு நுழைக்கும் இடமே இல்லை.